வியாழக்கிழமை மேடைக்கு வரமாட்டேன்

மகன், உனக்கும் உன் வீட்டாருக்கும் என் சலாம். வியாழக்கிழமை விழாவுக்கு என்னை வரச்சொல்லிப் போனில் கேட்டாய். "ரெண்டு நிமிசம் வாப்பா. மேடையில நிண்டு மெசின வாங்கிட்டுப் போங்க. மறுகா அத வித்தாலும் சரி, கடல்ல போட்டாலும் சரி" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள், "மீட்டிங் தொடங்கிட்டு" என்று வைத்துவிட்டாய். நேரில் வந்து சொல்லலாம் என்றால், நீ கலியாணம் முடித்து மருதமுனையில் பெண் வீட்டில் இருக்கிறாய். சம்பந்திமாருக்கு முன்னால் ஒரு வாப்பா தன் மகனோடு சண்டை பிடிப்பது அழகில்லை. வெள்ளிக்கிழமைகளில் நீ நம்மட வீட்டுக்கு வந்தாலும், உன் உம்மா சோற்றுச் சகன் தட்டோடு நடுவில் வந்து உட்கார்ந்து, "புள்ள களச்சி வந்திரிக்கி, ஒங்கட அரசியல வெளிய வெச்சிட்டு வாங்க" என்று என் கதையை முடித்துவிடுவாள். ஆகவே எழுதுகிறேன். ஓ.எல். பரீட்சையில் எனக்குத் தமிழ் மட்டும்தான் கைகொடுத்தது. மற்றப் பாடங்களைப் பற்றி நாம் கதைக்க வேண்டாம். இதில் ஒரு பிரதியை ஊர்ப் பத்திரிகைக்கும் கொடுக்கப் போகிறேன். என் பெயரும் இராது, உன் பெயரும் இராது. ஆனாலும் சாய்ந்தமருதில் இரண்டாவது பந்தியை வாசிக்கும்போதே இது யாருடைய வாய் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

பதில் இதுதான்: வரமாட்டேன். ஜெஸீமாவும் வரமாட்டாள். நம்மட ஒழுங்கைத் தெருவில் இன்னும் அரிசி மா செய்து விற்கிற மற்ற இரண்டு வீட்டாரும் வரமாட்டார்கள். உன் பட்டியலில் இருக்கிற நாலு பேர், உன் பிரதேச செயலகக் கந்தோர் கொடுக்கிற மா அரைக்கும் மெசினை வேண்டாம் என்கிறோம். நீ நியமனம் பெற்ற பிறகு உன் பொறுப்பில் நடக்கிற முதல் விழா இது என்பதும், நீ இன்னும் வேலையில் நிரந்தரமாகவில்லை என்பதும் தெரிந்துதான் சொல்கிறேன்.

சும்மா கிடைக்கிற பொருளை வெறுக்கிற பெரிய மனிதன் என்று என்னை நினைத்துவிடாதே. வலீமா விருந்தில் இரண்டாம் முறை சோறு போட வந்தால் நான் கையைக் குறுக்கே வைத்ததில்லை. நம்மட வீட்டைச் சுற்றிப் பார்த்தாலே தெரியும். சுனாமிக்குப் பிறகு வந்தவர்கள் ஒழுங்கைக்கு ஒழுங்கை தையல் மெசின் கொடுத்தார்கள். உன் உம்மாவுக்கு ஊசியில் நூல் கோர்ப்பதற்கே பொறுமை இல்லை. ஆனாலும் வரிசையில் நிற்க வைத்து நான்தான் வாங்கிக்கொடுத்தேன். அது இன்றைக்கும் குசினியில் ரைஸ் குக்கரைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. அதற்குப் பிறகு கோழிக்கூடு வந்தது, கோழி வரவில்லை. பயிற்சிகள் வந்தன. சுவரில் நான் கொழுவி வைத்திருக்கிற சான்றிதழ்களைப் பார்த்துவிட்டு உன் மாமனார் ஒரு நாள், "சம்பந்தி எந்தக் கம்பஸ்ல படிச்ச?" என்று கேட்டார். அத்தனையும் தொழில்முனைவோர் பயிற்சிச் சான்றிதழ்கள். ஒரு பயிற்சியில் தாளும் வர்ணப் பென்சிலும் தந்து, உங்கள் கனவை வரையுங்கள் என்றார்கள். பேரப்பிள்ளை காணப்போகிற வயதில் நான் ஒரு மின்கம்பம் வரைந்தேன். அதிலிருந்து மூன்று பேஸ் கரண்ட் நம்மட ஒழுங்கைக்கு வருவதாக ஒரு கம்பியும் இழுத்தேன். பயிற்சி கொடுத்த பிள்ளை அதைத் தூக்கிக் காட்டி, "பாருங்க, இவர் உயரத்துக்குப் போக ஆசைப்படுறார்" என்று எல்லோரையும் கைதட்ட வைத்தது. நான் கேட்டது கரண்ட். கிடைத்தது கைதட்டலும் ஒரு புரியாணிப் பார்சலும். புரியாணி நன்றாக இருந்தது, அதை மறைக்கவில்லை.

இனிச் சொல்லப்போவதை உன்னிடம் நான் இதுவரை சொன்னதில்லை. நீ ஓ.எல். படித்துக்கொண்டிருந்த காலத்தில் நான் நம்மட கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குச் செயலாளராக இருந்தேன். ஒரு கொப்பியும் ஒரு றப்பர் முத்திரையும் கையில் இருந்தால் மனிதனுக்கு எவ்வளவு கனம் கூடும் என்று அப்போதுதான் கண்டேன். சுயதொழில் செய்கிறவர்களுக்கு மெசின் வரப்போகிறது, பெயர்ப் பட்டியல் தயாரியுங்கள் என்று கந்தோரிலிருந்து சொன்னார்கள். சங்கக் கூட்டத்துக்கு மூன்று முறை வந்து கையொப்பம் வைத்தவராக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கேட்பதற்கு நீதியான நிபந்தனைதான். ஆனால் பகல் முழுதும் அடுப்படியில் நிற்கிறவள் கூட்டத்துக்கு எப்படி வருவாள்? தவறாமல் வந்தவன் உன் நளீம் மாமா. என் மச்சானைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை, அல்லாஹ் அவனைப் பொருந்திக்கொள்ளட்டும். அவனுக்கு வேறு வேலை இல்லை, அவ்வளவுதான். இப்படி நான் எழுதிய பட்டியலில் வேலை இல்லாதவர்கள் எல்லோரும் தொழில்முனைவோர் ஆனார்கள். உண்மையில் தொழில் செய்தவர்களுக்குக் கூட்டத்துக்கு வர நேரமில்லாததால் பட்டியலில் இடமில்லாமல் போனது. நளீம் மாமா தன் மெசினைப் பெட்டியை விட்டு வெளியே எடுக்கவே இல்லை. "பாவிச்சா பழசாப் பெய்த்துரும் மச்சான்" என்று பத்திரப்படுத்தி, மகளின் கலியாணத்தில் வீட்டுச் சாமானோடு சாமானாகச் சேர்த்துக் கொடுத்தான்.

பட்டியல் ஒட்டிய அன்று ஜெஸீமா நம்மட கேற்றடிக்கு வந்தாள். உனக்கு ஜெஸீமாவைத் தெரியும். நம்மட வீட்டுக்குப் பின்வளவுக்காரி, புருஷன் மவுத்தான பிறகு சிவப்பரிசியை ஊறவைத்து இடித்து வறுத்துக் கல்முனை மார்க்கட்டில் ஆறேழு கடைகளுக்கு இடியப்ப மா கொடுத்து வந்தவள். அவள் உள்ளே வரவில்லை. கேற்றைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்.

"காக்கா, நான் மா வறுக்கிறது ஒங்கட மூக்குக்குத் தெரியும். சுபஹோட என்ட பொகதான் ஒங்கட ஊட்டுக்குள்ள வாற. ஒங்கட கொப்பிக்கு மட்டும் தெரியாமப் பெய்த்தா?"

"கூட்டத்துக்கு நீ ஒரு நாளும் வரல்லயே ஜெஸீமா."

"கூட்டத்துக்கு வந்தா மா கருகும் காக்கா."

"அடுத்த முற பாப்பம்" என்றேன். செயலாளராக நான் அதிகம் பாவித்த வசனம் அது. உன் கந்தோரிலும் அதைக் கேட்டிருப்பாய். நீயே சொல்லத் தொடங்கியிருந்தால் தயவுசெய்து நிறுத்து.

மெசின் கிடைத்தவர்கள் எல்லோரும் நளீம் மாமாவைப் போல இருக்கவில்லை. சிலர் உண்மையாகவே அரைத்தார்கள், அதில் நானும் ஒருவன். பிழை அங்கேதான் பெரிதானது. ஒரே ஒழுங்கைக்கு ஒரே மெசினைக் கொடுத்தால் எல்லோரும் ஒரே சாமானைத்தான் செய்வார்கள். எல்லோரும் மா அரைத்தோம், எல்லோரும் அதே ஆறேழு கடைகளுக்குப் போனோம், ஒருவன் சொன்ன விலையில் மற்றவன் குறைத்தான். மெசின் சும்மா வந்ததால் குறைப்பதற்கு மனமும் தாராளமாக இருந்தது. சொந்தக் கையால் தொழிலைக் கட்டியவள் எப்படிக் குறைப்பாள்? ஒரு மாதத்துக்குள் ஜெஸீமாவின் கடைகள் எல்லாம் கைமாறின. காலையில் அவளுடைய புகை வராததை முதலில் கவனித்தது என் மூக்குத்தான். கவனித்தது, பேசாமல் இருந்தது.

பிறகு நோன்பு நெருங்கியது. நோன்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது பகல் ளுஹர் தொழுதுவிட்டு வந்த சனம் முழுதும் சஹர் சாப்பாட்டுக்கு வேண்டிய மாவை அரைத்து வைத்துவிடலாம் என்று ஒரே நேரத்தில் மெசினைப் போட்டது. ஒழுங்கை முழுதும் ஒரே இரைச்சல். எனக்கோ உள்ளுக்குள் பெருமை; கொழும்பில் இருக்கிற கைத்தொழிற் பேட்டை இப்படித்தான் சத்தம் போடும் என்று உன் உம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். 'டொப்' என்று ஒரு சத்தம் கேட்டது. மீன் வைத்த குளிர்ப்பெட்டி, பள்ளிவாசல் ஒலிபெருக்கி, எல்லாம் ஊமையாகின. பின்னேரம் அஸர் நேரத்தில் மின்சார சபையிலிருந்து ஒரு தம்பி ஏணியோடு வந்து கம்பத்தில் ஏறினான்.

"என்ன காக்கா, ஒழுங்கைக்குள்ள பெக்டரியா நடத்துற?"

"இல்ல தம்பி, அரசாங்கம் தந்த மெசின்."

"நானும் அரசாங்கந்தானே. எனக்கு ஒருத்தரும் செல்லல்லயே."

"எங்களுக்கும் செல்லல்ல தம்பி, நீங்க ரெண்டு பேரும் கதைக்கிறல்ல எண்டு."

கம்பத்தில் தொங்கிக்கொண்டே சிரித்தான். நாங்களும் கீழே நின்று சிரித்தோம். ஆனால் அந்தச் சிரிப்புக்குள் இருந்த விஷயத்தை அன்றே நான் பிடித்திருக்க வேண்டும், பிடிக்கவில்லை. மெசின் கொடுக்கிறவருக்குக் கரண்டைப் பற்றிக் கவலையில்லை. கரண்ட் கொடுக்கிறவருக்கு மெசின் வந்ததே தெரியாது. மாவைப் பரிசோதிக்கிறவர் இன்னொரு கட்டடத்தில் இருக்கிறார். விற்பதற்கு வழி காட்ட வேண்டியவர் பயிற்சி வைக்கிறார். எல்லோரும் நல்லவர்கள்தான், எல்லோருக்கும் வருடக் கடைசியில் ஒரு போட்டோ தேவை. தொழில் என்பது ஒரு பொருள் அல்ல மகன். அது ஒன்றோடு ஒன்று கொழுவிய சங்கிலி. அதில் ஒரு வளையத்தை மாத்திரம் கழற்றிப் பட்டு நாடா கட்டிக் கையில் தந்தால், அதை நாங்கள் கழுத்திலா போடுவது?

அந்த நோன்போடு எங்களில் அரைவாசிப் பேர் மாவை விட்டார்கள். கடைக்காரர் கொழும்பிலிருந்து வரும் பைக்கட் மாவுக்கு மாறினார்கள். ஜெஸீமாவை நாங்கள் தோற்கடித்தோம், பைக்கட் எங்களைத் தோற்கடித்தது. அவள்தான் முதலில் திரும்பி எழும்பினாள். ஒலுவில் கம்பஸுக்குப் பக்கத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுக்கிற ஒரு கடைக்கு வாரம் ஒரு மூட்டை மா கொடுக்கத் தொடங்கினாள். என் ஆட்டோவில் அதைக் கொண்டுபோய் இறக்கியது நான். அது என் பிராயச்சித்தம் என்று நீ நினைக்கலாம். அவள் அப்படி நினைக்கவில்லை. "பிந்தி வந்தா கூலில குறைப்பன் காக்கா" என்றாள்.

இப்போது உன் பட்டியலுக்கு வருகிறேன். கந்தோர் அறிவித்தல் பலகையில் அதை ஒட்டியிருந்தாய். வாசிக்க வாசிக்க எங்கேயோ பார்த்த பட்டியல் மாதிரி இருந்தது. பெயர்களின் வரிசை, முதலெழுத்துகள், ஒரு வீட்டு இலக்கத்தில் நான் விட்ட பிழை, எல்லாம் அப்படியே. அது என் பட்டியல். செயலாளராக நான் எழுதிக் கொடுத்ததை யாரோ கோப்பிலிருந்து எடுத்து, கம்பியூட்டரில் அடித்து, 'பழைய பயனாளிகள்' என்று தலைப்புப் போட்டு உன் மேசைக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஏழாவது பெயர் நளீம் மாமா. மவுத்தாகி இரண்டு வருடம். அவன் வந்து மெசினை வாங்கினால் நானும் மேடைக்கு வருகிறேன். நீ உன் கையால் சேர்த்த ஒரே பெயர் ஜெஸீமா. அதைக் கண்டதும் ஓடிப்போய் அவளிடம் சொன்னேன். அவள் மாவைச் சலித்துக்கொண்டே, "ஒங்கட மகன் ஒங்கள விட நல்ல புள்ள. ஆனா இப்ப எனக்கு மெசின் என்னத்துக்கு காக்கா? இரிக்கிற மெசினப் போடவே ஒழுங்கைல கரண்ட் காணா" என்றாள்.

அவள் சொன்ன பிறகுதான் நாங்கள் உட்கார்ந்து யோசித்தோம். அவள், நான், அந்த இரண்டு வீட்டார், பாண்டிருப்பில் பிட்டு மா செய்கிற பவளம் அக்கா. கொழும்பில் ஒரு பெரிய கடை எங்கள் மாவைக் கேட்டு இரண்டு முறை திருப்பி அனுப்பியது உனக்குத் தெரியும். காரணம் நியாயமானது. ஐந்து அடுப்பில் ஐந்து விதமாக வறுத்த மா. ஒன்று சிவந்திருக்கும், ஒன்று வெளிறியிருக்கும், ஈரம் போகாத மூட்டையில் மூன்றாவது வாரம் வண்டு. எங்களுக்குத் தேவை, எல்லோருடைய அரிசியையும் ஒரே சூட்டில் வறுக்கிற ஒரு பெரிய இயந்திரம். அதை நாங்களே சேர்ந்து வாங்குவோம், உங்களிடம் கேட்கவில்லை. அதை ஓட்ட மூன்று பேஸ் கரண்ட் இருக்கிற ஓர் இடம்தான் வேண்டும். அப்படி ஓர் இடம் இருக்கிறது. மார்க்கட்டுக்குப் பின்னால் 'உற்பத்தி நிலையம்' என்று பெயர்ப்பலகை போட்ட கட்டடம். நாடா வெட்டித் திறந்த அன்று பாட்டீஸும் சோடாவும் தந்தார்கள், நானும் சாப்பிட்டேன். மறுநாள் பூட்டியது பூட்டியதுதான். சன்னலால் எட்டிப் பார்த்தேன்: கால் உடைந்த கதிரைகள், முந்திய விழாக்களின் பதாகைகள், சுவரில் தூசு பிடித்த மூன்று பேஸ் மீற்றர். அந்தக் கட்டடத்தின் திறப்புச் சாவி உன் கந்தோர் அலுமாரியில் ஓர் ஆணியில் தொங்குகிறது.

அதை வாடகைக்குத் தாருங்கள் என்று கேட்கத்தான் இரண்டு மாதத்துக்கு முன் நான் வந்தேன். நீ அன்று வெளிக்கள வேலைக்குப் போயிருந்தாய். படிவம் தந்த பிள்ளை, 'தேவையான உதவி' என்ற இடத்தில் ஒன்றுக்கு அடையாளம் போடச் சொன்னது. தையல் மெசின், கிரைண்டர், கோழிக்கூடு, வேறு. நான் 'வேறு' என்பதில் அடையாளம் போட்டு, கட்டடத் திறப்பு, மாத வாடகைக்கு, என்று எழுதினேன்.

"மாமா, அதுல எழுத வேணா. 'வேறு' எண்டது சும்மா அச்சடிச்சிரிக்கி. அதுல ஒருத்தரும் எழுதுறல்ல."

"நான் எழுதிட்டனே மகள்."

"அப்ப பவளம் எண்டு இன்னொரு பேரும் இரிக்கி. அவங்க வேற செயலகப் பிரிவெல்லா? ரெண்டு பிரிவும் சேர்ந்து வாறதுக்கு ஃபோம் இல்ல மாமா."

நாவிதன்வெளியிலிருந்து அவளுக்கும் எனக்கும் நெல் ஒரே லொறியில் வருகிறது, அதற்கு ஃபோம் தேவைப்படவில்லை என்றேன். அந்தப் பிள்ளை சிரித்தது, கடதாசியை வாங்கித் தட்டில் போட்டது. இன்றுவரை பதில் இல்லை. பதிலுக்குப் பதிலாக இன்னொரு கிரைண்டர் வருகிறது. நான் வாங்கினால் அந்தக் கடதாசிக்குப் பதில் கிடைத்துவிட்டதாகக் கோப்பை மூடிவிடுவார்கள். நான் வராததற்குக் காரணம் இதுதான் மகன், கோபம் இல்லை. என் கையில் கிரைண்டரோடு ஒரு போட்டோ இருந்தால், திறப்பைக் கேட்கிற வாய் எனக்கு இராது.

உன் உம்மா இரண்டு நாளாக என்னோடு கதைக்கவில்லை. கதைத்தது ஒரே ஒரு வசனம்: "ஒங்கட வாயால புள்ளட வேல பெய்த்துட்டெண்டா, நீங்க மாவத்தான் திண்டு கிடக்கணும்." அவளுடைய பயம் எனக்கும் இருக்கிறது. பட்டம் எடுத்துவிட்டு நீ வீட்டில் இருந்த அந்த வருடங்களில், தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டதும் நீ எழுந்து போகாமல் எழுந்து போக நினைத்து உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த நியமனக் கடிதம் வந்த அன்று அழுதது நீ அல்ல, நான். ஆகவே உன் வேலையை விளையாட்டாக நினைத்து இதைச் செய்யவில்லை. ஆனால் நீ அந்தக் கதிரையில் இருப்பது எதற்கு? செத்தவனுக்கு மெசின் கொடுக்கவா? என் பிழையை அழகான எழுத்தில் திரும்ப அடிக்கவா? தொழிலுக்கு உதவுகிற கந்தோர் என்றால், முதலில் கடைக்கும் அடுப்படிக்கும் போய்க் கேள். கூட்டத்துக்கு வராதவர்களைத் தேடிப் போ. கரண்ட்காரரையும் சுகாதாரப் பரிசோதகரையும் உன்னோடு ஒரே வாகனத்தில் ஏற்று. பூட்டிக் கிடப்பதைத் திற. புதிதாகக் கட்டுவது பிறகு. இதெல்லாம் பெரிய திட்டம் இல்லை, இதற்குப் பதாகையும் தேவையில்லை. அதனால்தான் ஒருவரும் செய்வதில்லை.

வியாழக்கிழமை முன்வரிசையில் நாலு கதிரை வெறுமையாக இருக்கும். வருகிற பெரிய மனிதர் நிச்சயம் கேட்பார், இவர்கள் எங்கே என்று. அந்த நேரத்தில் உன் பக்கத்தில் நிற்கிறவர் யாராவது, "வருத்தமாம் சேர்" என்று சொல்லி உன்னைக் காப்பாற்றப் பார்ப்பார். அதை நீ விடாதே. எங்களுக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ், நாலு பேரும் கல்லுப்போல இருக்கிறோம். "அவங்க வேணா எண்டு செல்லிட்டாங்க சேர், அதுக்குப் பதிலா ஒண்டு கேட்டிரிக்காங்க" என்று சொல்லி, ஐந்து பேரும் கையொப்பமிட்ட கடிதத்தைக் கையில் கொடு. பிரதி இதோடு வைத்திருக்கிறேன். இதற்காக உன்னை நாவிதன்வெளிக்கு மாற்றினால் சந்தோஷமாகப் போ. நெல் பார்த்து வாங்க எங்களுக்கு அங்கே ஆள் இல்லை.

சொல்ல உனக்கு நாக்கு வரவில்லை என்றால் அதையும் எனக்குச் சொல்லிவிடு, நான் குறை நினைக்கமாட்டேன். அந்த ஏழாவது பெயரைப் பட்டியலில் எழுதிய காலத்தில் எனக்கும் நாக்கு வரவில்லை. ஆனால் அப்படியென்றால் நான் விழாவுக்கு வருவேன். மேடைக்கு இல்லை. சனத்தோடு பின்னால் நிற்பேன், என் பெயரைக் கூப்பிடும்போது கையை உயர்த்துவேன், வேண்டாம் என்பேன், திறப்பைக் கேட்பேன். என் குரலுக்கு மைக் தேவையில்லை என்பது உனக்குத் தெரியும். புதன் இரவுக்குள் ஒரு சொல் அனுப்பு மகன்: நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா?

வாப்பா